இராமர் பொறித்த அரையணா

இணையத்தில் பழங்காசு தேடுவோர் கண்ணில் தவறாமல் படும் செப்புக்காசு ஒன்று உண்டு. ஒருபுறம் இராமர் பட்டாபிஷேகக் கோலம். மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், அரையணா, 1818. 'இருநூறு ஆண்டுப் பழமை, மிக அரிது' என்பது விற்பவரின் விளக்கம். வேறு சில பிரதிகளில் 1616, 1717 என்றும் ஆண்டு காணப்படும். 1616இல் கம்பெனிக்கே வயது பதினாறுதான்!

கம்பெனி இப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. இவையெல்லாம் பிற்காலத்தில் பூசையறைக்கும் சுற்றுலாப் பயணிக்குமாகச் செய்யப்பட்ட வில்லைகள். ஓரணா என்று பொறித்த செப்பு வில்லைகளும் விற்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் ஓரணா நாணயம் வந்ததே 1907இல். அதுவும் செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை உலோகத்தில், நெளிவிளிம்போடு. ஆனால் சென்னையில் கம்பெனி அடித்த பொன் வராகன்களில் தெய்வ உருவம் இருந்தது மெய். பொய்யைத் தாங்கி நிற்பது இந்த அரைகுறை மெய்தான்.

பணம் போனால் போகட்டும் என்று விடலாம். இந்த வில்லையைக் கையில் உயர்த்திப் பிடித்து, கம்பெனியார் நம் தெய்வங்களைப் போற்றியதற்கு இதுவே சான்று என்று மேடையில் முழங்குகிறார்களே, அதை எப்படி விடுவது? கல்வெட்டில் ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் துறையில் இருக்கிறோம்.

'அரிய இராசராசன் காசு' என்பது வேறுவகை. காசு அசலாகவே இருக்கலாம். 'அரிய' என்ற அடைமொழிதான் போலி. நிற்கும் உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட அச்செப்புக்காசுகள் ஏராளமாகக் கிடைப்பவை. பராக்கிரமபாகு முதலிய இலங்கை மன்னர்களும் அதே அமைப்பில் காசடித்தார்கள். அமர்ந்த உருவத்தின் பக்கத்திலுள்ள நாகரி எழுத்தைப் படிக்காமல் பெயர் சூட்டிவிடுகிறார்கள்.

விளக்கத்தில் பெயரடைகளை நீக்கிவிட்டு, எஞ்சுவதைப் படியுங்கள். எடை உண்டா? 1835ஆம் ஆண்டுக் காலணா ஏறத்தாழ ஆறரை கிராம் இருக்க வேண்டும். தேய்ந்தால் சற்றுக் குறையும், கூடாது. விளிம்பின் படம் உண்டா? வார்ப்புப் போலிகளில் ஒட்டுக்கோடு அங்கேதான் தெரியும். பத்துக் காசுகளுக்கு ஒரே படம் போட்டிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

உங்கள் பழைய காசுக்கு இலட்சங்கள் தருவதாகச் சொல்லி, முன்பணமாகத் தரகு கேட்பவர்கள் தனி இனம். ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்தியதால், அவ்வங்கி 2021 ஆகஸ்டில் மறுப்பு வெளியிட நேர்ந்தது. இவர்களிடம் எடையெல்லாம் கேட்டுப் பயனில்லை. இவர்கள் வாங்குவது காசை அன்று.