பெயரைப் பிறர் கையில் விடலாமா?

ஓர் இனம் தன் பெயரைத் தானே இட்டுக்கொள்ளவும், இட்ட பெயரைத் தன் கையிலேயே வைத்துக் காக்கவும் உரிமை பெற்றிருத்தல் வேண்டும். பெயர் பிறர் கைக்குப் போயின் பொருள் போகும். பொருளைத் தொடர்ந்து புகழும் போகும். இவ்வுண்மையைத் தமிழர்க்குப் புதிதாக எடுத்துக் கூற வேண்டுவதில்லை. தாயகத்திற்குத் தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டி உண்ணா நோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956ஆம் ஆண்டு அக்குதோபர் 13ஆம் நாள் உயிர் துறந்தார். 1967ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் சட்டமன்றம் அப்பெயரை ஏற்று முடிவு செய்தது. 1969ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு பெயரை மீட்க ஓர் உயிரும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலமும் வேண்டியிருந்தன. அம்முடிவு நிறைவேறிய பொழுது முதலமைச்சராக இருந்த அண்ணா, காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடியில் பிறந்தவர்.

அந்தக் காஞ்சியின் பெயரே இன்று வேறொரு களத்தில் காவலின்றிக் கிடக்கின்றது. அக்களம் இணையம்.

பிள்ளையார்பாளையத்துத் தறியில் நெய்த சேலையைக் காந்தி சாலைக் கடைக்கு நேரில் வந்து வாங்குவோர் இன்றும் உளர். ஆயின் தொரண்டோவிலும் சிட்னியிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் மகளின் திருமணத்திற்குப் பட்டெடுக்க முதலில் தேடுவது இணையத்தில்தான். அங்கே கடையின் பலகையும் தெருவும் கதவெண்ணும் எல்லாம் ஒன்றே, அதுவே களப்பெயர். அப்பெயர் யார் கையில் உள்ளதோ அவரே அங்குக் காஞ்சியின் வணிகர். தறியில் அமர்ந்து நெய்தவர் யார் என்பதை அக்களம் கேட்பதில்லை.

களப்பெயரை ஒருவர் விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணுவது பெரும் பிழை. அது குடிக்கூலிக்கு எடுத்த வீடு போன்றது. ஓராண்டுக்கோ, மிகுதியாகப் பத்தாண்டுக்கோ பணம் கட்டி வைத்துக் கொள்ளலாம். தவணை தவறின் வீடு போய்விடும். இவ்வமைப்பின் உச்சியில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1998இல் நிறுவப்பட்ட ஐக்கான் என்னும் அமைப்பு இருக்கின்றது. அதன் கீழே ஒவ்வோர் ஈற்றுப் பெயருக்கும் ஒரு பதிவகம் உண்டு. 'காம்' என்னும் ஈற்றுக்கு வெரிசைன் நிறுவனமும், இந்தியாவிற்குரிய 'இன்' என்னும் ஈற்றுக்கு நிக்சி அமைப்பும் பதிவகங்கள் ஆகும். பதிவகத்திற்கும் மக்களுக்கும் இடையே நின்று பணம் பெற்றுப் பெயரைப் பதிந்து தருவோர் பதிவாளர். 1999 வரை 'காம்' பெயர்களைப் பதிய ஒரே நிறுவனத்தின் வாயிலையே எவரும் நாட வேண்டியிருந்தது. அவ்வாண்டில்தான் அத்தனியுரிமை உடைந்து பதிவாளர் பலராயினர். ஒரு பதிவாளரை விட்டு மற்றொருவரிடம் பெயரை எடுத்துச் செல்வதற்கான இன்றைய நெறிமுறையை ஐக்கான் 2004ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இந்த உரிமையின் அருமை காஞ்சி நெசவாளர்க்கு நன்கு விளங்கும். தறி நெசவாளருடையது, பட்டு நூலும் சரிகையும் பெருவணிகருடையவை, முன்பணமாகப் பெற்ற கடனோ தலைமேல். கடன் தீராமல் வேறொருவருக்கு நெய்ய இயலாது. இக்கட்டினை அறுக்கவே கூட்டுறவுக் கழகங்கள் எழுந்தன. விட்டு நீங்கும் உரிமை இல்லாதவனுக்குக் கூலி பேசும் உரிமையும் இல்லை என்பது தறிக்குழியில் கற்ற பாடம். அப்பாடம் இணையத்திற்கும் பொருந்தும்.

அவ்வுரிமையைப் பயன்படுத்தியோர் என்ன பெற்றனர் என்பதற்குச் சான்றும் உண்டு. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் இணையத் திருட்டைத் தடுப்பதாகக் கூறி ஒரு சட்ட முன்வரைவு கொண்டுவரப்பட்டது. முறையான கேள்வி உசாவலின்றி வலைத்தளங்களை முடக்க அது வழி செய்யும் என மக்கள் எதிர்த்தனர். பெரும் பதிவாளராகிய கோடாடி நிறுவனம் அதனை ஆதரித்தது. சினங்கொண்ட வாடிக்கையாளர் திசம்பர் 29ஆம் நாளைப் பெயர் மாற்றும் நாளாகக் குறித்துத் தத்தம் களப்பெயர்களை வேறு பதிவாளரிடம் கொண்டு செல்ல முனைந்தனர். குறித்த நாள் வருவதற்கு முன்பே, 23ஆம் நாளன்று, அந்நிறுவனம் தன் ஆதரவை விலக்கிக் கொண்டது. விக்கிப்பீடியாவோ அத்துடன் நில்லாமல், 2012ஆம் ஆண்டு மார்ச்சில் தன் பெயர்களை வேறு பதிவாளரிடம் மாற்றிக்கொண்டது. படை திரட்டாமல், வழக்குத் தொடுக்காமல், 'போகின்றோம்' என்னும் ஒரு சொல்லால் ஒரு பெருநிறுவனம் பணிந்தது. போக முடிந்ததால்தான் அச்சொல்லுக்கு வலிமை இருந்தது.

நடுவணரசின் சார்பில் இயங்கும் நிக்சியும் இத்தகைய மாற்றத்தைச் செய்துள்ளது. 'இன்' ஈற்றின் தொழில்நுட்பப் பணி 2005 முதல் அயர்லாந்தின் அபிலியாசு நிறுவனத்திடம் இருந்தது. 2019இல் அது அமெரிக்காவின் நியூசுடாருக்கு மாற்றப்பட்டது. 2020இல் நியூசுடாரின் பதிவகப் பிரிவையே கோடாடி விலைக்கு வாங்கிக் கொண்டது. நிக்சி தேர்ந்தது ஒருவரை. பணி போய்ச் சேர்ந்தது வேறொருவரிடம். பின்னர் அப்பணி கனடாவின் துக்கோசு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அரசின் பெயர்ப்பட்டியலே இவ்வாறு கைமாறும்பொழுது, ஒரு சிற்றூர்க் கழகம் தன் பெயர் எவரிடம் உள்ளதென அறியாமல் உறங்கலாமா?

உறக்கத்தின் தீமை மூன்று வகையில் வந்து சேரும். வலைத்தளம் அமைத்துத் தர வந்தவர், கழகத்தின் பெயரைத் தம் பெயரிலேயே பதிந்து கொள்ளுதல் ஒன்று. அவரோடு பிணக்கு நேரும் நாளில் தளமும் பெயரும் அவர் பக்கமே நிற்கும். பதிவுக்குக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி, ஓய்வு பெற்றுப் போன எழுத்தருடையதாக இருத்தல் மற்றொன்று. பதிவாளர் விடுக்கும் எச்சரிக்கை எவரும் திறவாத பெட்டியில் வீழும். தவணை நாளை மறத்தல் மூன்றாவது. 'காம்' போன்ற ஈறுகளில் தவணை கடந்து நீக்கப்பட்ட பெயரைக் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க முப்பது நாள் இடைவெளி உண்டு. அதற்குப் பின் ஐந்து நாள் கழித்துப் பெயர் பொதுவில் விடப்படும். அதனை முதலில் கைப்பற்றுவோர்க்கே அது உரியதாகும்.

ஆகவே முதற்பணி, பெயர் எவருடையதாகப் பதிவாகியுள்ளது என்பதை ஆய்ந்து, கழகத்தின் பெயருக்கே அதனைக் கொணர்தல். அடுத்த பணி, பதிவாளர் தகுதியற்றவராயின் துணிந்து மாற்றுதல். இதன் முறை கடினமன்று. பழைய பதிவாளரிடம் பெயர்மேல் இட்டுள்ள பூட்டைத் திறக்கச் செய்து, மாற்றத்திற்குரிய மறைச்சொல்லைப் பெற வேண்டும். அம்மறைச்சொல்லைப் புதிய பதிவாளரிடம் கொடுத்துக் கட்டணம் செலுத்த வேண்டும். பெரும்பாலும் அக்கட்டணத்திலேயே ஓராண்டு கூடிவிடும். பழைய பதிவாளர் தக்க கரணியம் காட்டி மறுக்காவிடின் ஐந்து நாளில் பெயர் கைமாறும். புதிதாகப் பதிந்த பெயரையும் அண்மையில் மாற்றிய பெயரையும் அறுபது நாள்களுக்கு மாற்ற இயலாது. தவணை முடியும் வேளையில் மாற்றப் புகுவதும் அறிவுடைமை அன்று. இரண்டு திங்கள் முன்பே தொடங்க வேண்டும்.

பெயரை மாற்றினால் தளம் அழிந்துவிடும் என்று அச்சுறுத்துவோர் உண்டு. காஞ்சி நெசவாளரை இவ்வாறு அச்சுறுத்த இயலாது. கோர்வைச் சேலையில் உடல் வேறு, கரை வேறு. மூன்று நாடா கொண்டு, இருவர் அமர்ந்து, வேறு வேறாக நெய்து இழைக்கு இழை கோக்கின்றனர். உடல் கிழிந்தாலும் கரை கழன்று போகாது என்பது காஞ்சிப் பட்டின் பெருமை. அதுபோலவே பெயர்ப் பதிவு வேறு. தளத்தின் பக்கங்கள் தங்கியிருக்கும் வழங்கி வேறு. இரண்டையும் கோப்பது, இப்பெயருக்கு இவ்வழங்கி என்னும் குறிப்பு ஒன்றே. அக்குறிப்பினைப் பழைய பதிவாளரே தம் பொறியில் வைத்திருந்தாரானால், பெயரை மாற்றும் முன் அதனைப் படியெடுத்து வேறிடத்தில் அமைத்துவிட வேண்டும். தவறினால் தளமும் மின்னஞ்சலும் சில நாள் நின்றுபோகும். கோர்வையைக் கவனித்தால் சேலைக்கு ஊறில்லை.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. கரையிட்ட பட்டுச் சேலையை விசைத்தறியில் நெய்யாமல் காக்க 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் உண்டு. இவை இருக்க, பெயருக்கு வேறு காவல் எதற்கு என வினவுவோர் ஒன்றை உணர்தல் வேண்டும். களப்பெயர்ப் பிணக்குகளைத் தீர்க்க 1999இல் ஐக்கான் வகுத்த நெறி, வணிகக் குறியை அடிப்படையாகக் கொண்டது. புவிசார் குறியீடு பெற்றிருப்பதால் மட்டும் இணையத்தில் அப்பெயர் தானாகக் கைக்கு வந்துவிடாது. தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்று நாடுகள் எட்டும் தம் ஆற்றின் பெயரை ஈற்றுப் பெயராக ஒரு வணிக நிறுவனத்திற்குத் தரலாகாதெனப் பல்லாண்டுகள் எதிர்த்தன. 2019இல் ஐக்கான் அந்நிறுவனத்திற்கே இசைந்தது. நாடுகளுக்கே இந்நிலை என்றால் நெசவாளர்க்கு எந்நிலை?

இதில் மொழியின் சிக்கலும் பின்னிக் கிடக்கின்றது. உரோமன் எழுத்தில் காஞ்சிபுரம் என்பதை நெடில் நீக்கி ஒருவர் எழுதுகின்றார். நெடில் சேர்த்து வேறொருவர் எழுதுகின்றார். ஆங்கிலேயர் வாயில் சிதைந்த 'காஞ்சீவரம்' என்பதை இன்னொருவர் எழுதுகின்றார். ஒவ்வோர் எழுத்துப் பிழையும் ஒரு தனிக் களப்பெயர். ஒவ்வொன்றையும் எவரும் பதிந்து வணிகம் நடத்தலாம். தமிழில் எழுதினாலோ ஊர்ப்பெயர் ஒன்றே, ஐயத்திற்கு இடமில்லை. தமிழில் எழுத வழியும் உண்டு. 2010இல் '.இலங்கை' என்னும் ஈறும், 2011இல் '.இந்தியா', '.சிங்கப்பூர்' என்னும் ஈறுகளும் ஞாலத்தின் வேர்ப்பட்டியலில் ஏறின. மூன்று நாடுகளின் பெயர்கள் தமிழெழுத்தில் அங்கு நிற்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டிய தமிழர்தாம் ஆங்கில எழுத்தின் வாயிலில் வரிசையில் நிற்கின்றனர். பதிவாளரை மாற்றப் புகும் கழகம், புதியவர் தமிழெழுத்துப் பெயரைப் பதிந்து தருவாரா என்பதையே முதல் வினாவாகக் கேட்டல் வேண்டும். தர இயலாதவரிடம் செல்லாதிருத்தல் வேண்டும்.

தனியரசு இல்லாத கத்தலோனிய மக்கள் தம் மொழிக்கென 2005இலேயே '.கேட்' என்னும் ஈற்றினைப் பெற்றனர். தமிழ்நாட்டின் பெயரில் அத்தகைய ஈறு இன்றுவரை இல்லை. அதனைப் பெறுவது அரசின் கடன். ஆயினும் அரசு செய்யும் வரை கை கட்டியிருப்பது மக்களின் கடனன்று.

காஞ்சியின் ஒவ்வொரு நெசவாளர் கூட்டுறவுக் கழகமும், ஒவ்வொரு தமிழ் மன்றமும், ஒவ்வொரு சிறு வணிகரும் செய்ய வேண்டியன தெளிவாக உள்ளன. பெயர் தம் பெயரில் இருத்தல் வேண்டும். மறைச்சொல்லும் கடவுச்சொல்லும் ஒருவர் நினைவில் மட்டும் இராமல் கழகத்தின் பேழையில் இருத்தல் வேண்டும். தவணை நாள் கணக்கேட்டில் எழுதப்பட வேண்டும். ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரும் பதியப்பட வேண்டும். பதிவாளர் முறை தவறின் அன்றே அவரை விட்டு நீங்கும் துணிவு வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு பட்டுச் சேலையின் விலையில் மிகச் சிறு பகுதி.

முன்னோர் நெய்து ஈட்டிய பெயர் இது. நெய்யாதவர் அதனை விற்றுப் பிழைக்க, நெய்தவர் பார்த்திருத்தல் கூடாது. தறி தமிழனுடையது, சேலை தமிழனுடையது, அதன்மேல் பொறித்த பெயரும் தமிழனுடையதாகவே, தமிழெழுத்திலேயே நிலைத்தல் வேண்டும். காஞ்சி முதலில் விழித்தெழட்டும்!