முணுமுணுப்பு வேறு, முறையீடு வேறு

சம்பள நாளன்று மும்பையில் எந்தத் தொழிற்சாலை வாசலிலும் ஒரு காட்சியைக் காணலாம். சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் தலையைச் சேர்த்து மெல்லப் பேசுவார்கள். ஓவர்டைம் எட்டு மணி நேரம் குறைகிறது. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தால் பேச்சு நின்றுவிடும். மாலையில் தாராவிக்கும் சயானுக்கும் திரும்பும் ரயிலில் அதே பேச்சு மறுபடி தொடங்கும். போய்ச் சேர வேண்டிய மேஜைக்கு மட்டும் அது போய்ச் சேராது.

இப்படிப்பட்ட பேச்சுக்கு ஆங்கிலத்தில் ஒன்றல்ல, பல சொற்கள் உண்டு. குரல் எழாமல் மூச்சால் மட்டும் பேசுவது விஸ்பர். வாயைச் சரியாகத் திறக்காமல், கேட்பவருக்குப் புரியாதபடி மென்று விழுங்குவது மம்பிள்; அதில் கோபம் இல்லை, கூச்சமே உண்டு. அதுவே எரிச்சலோடு வந்தால் மட்டர். தீர்வு எதையும் கேட்காமல் சதா சலித்துக்கொள்வது கிரம்பிள்.

மர்மர் என்ற சொல் இவற்றில் விசேஷமானது. ஓடை நீரின் சலசலப்புக்கும் மர்மர் என்பார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்க்கும் டாக்டர், இதயத்தில் கேட்கும் ஒருவித இரைச்சலையும் மர்மர் என்றே சொல்வார். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதற்குக் குறை சொல்வது என்ற பொருளே ஓங்கி நின்றது. 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளில், வனாந்தரத்தில் உணவில்லாமல் தவித்த மக்கள் மோசேக்கு விரோதமாகச் செய்தது மர்மர்தான். தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'முறுமுறுத்தார்கள்' என்று இருக்கிறது. இரண்டும் ஒலியிலிருந்து பிறந்த சொற்கள். முணுமுணுப்பு எந்த மொழியில் வந்தாலும் ஓசை ஒன்றுதான் போலும்!

இந்த ஆராய்ச்சி சம்பளச் சீட்டுக்கு என்ன உதவி செய்யும் என்று கேட்கலாம். உதவி உண்டு. ஓவர்டைம் குறைந்ததைச் சொன்ன ஒரு தொழிலாளியைப் பற்றி மேலதிகாரி தன் ரிப்போர்ட்டில் 'கம்ப்ளெயின்ட் செய்தார்' என்று எழுதினால், அது என்ன கம்ப்ளெயின்ட் என்று மேலிடம் கேட்டாக வேண்டும். 'எப்போதும் கிரம்பிள் செய்கிறார்' என்று எழுதிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கணக்கில் இருந்த குற்றம் ஆளின் குணத்துக்கு மாறிவிடுகிறது. ஒரே ஒரு சொல்தான் மாறியது!

கம்ப்ளெயின்ட் என்பது எடை உள்ள சொல். மார்பில் அடித்துக்கொண்டு அழுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்தது அது. சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடுக்கக் கொடுக்கும் பிளெயின்ட்டும், அதைக் கொடுக்கும் பிளெயின்டிஃபும் அதே வம்சம். கிரீவன்ஸ் என்ற சொல்லோ பாரம் என்ற பொருளில் பிறந்தது. மனத்தில் கிடக்கும் பாரம் கிரீவன்ஸ். அதை உரியவரிடம் வாய் திறந்து சொல்வது கம்ப்ளெயின்ட். முன்னது எல்லோரிடமும் இருக்கிறது. பின்னதைச் செய்பவர் சிலரே.

தொழிலாளர் நிலை இது என்றால், படித்த குமாஸ்தாக்களின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. அவர்கள் எழுதும் மனுவைப் பார்த்தால் முதல் மூன்று வரி கும்பிடு. கடைசி வரி 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்'. ஆவன செய்க என்றால், ஆவது எது என்று யார் சொல்வது? குவார்ட்டர்ஸ் கூரை எந்தத் தேதியிலிருந்து ஒழுகுகிறது, எந்த மாத அலவன்ஸ் எத்தனை ரூபாய் குறைந்தது என்ற விவரம் நடுவில் இராது. இது காகிதத்தில் எழுதிய மம்பிள். கம்ப்ளெயின் என்ற வினைச்சொல்லோடு 'ஆஃப்' வந்தால் அது பெரும்பாலும் உடல் நோவைக் குறிக்கும். 'அபவுட்' வந்தால் பிறர் செய்த குறையைக் குறிக்கும். கூரை ஒழுகுவது அபவுட். முதுகு வலிப்பது ஆஃப். இந்தச் சின்ன வித்தியாசம் தெரிந்தாலே மனு பாதி நிமிர்ந்துவிடும்.

மும்பையில் வேறொரு தடுமாற்றமும் உண்டு. மராத்தியில் புகாருக்கு 'தக்ரார்' என்று பெயர். தமிழில் தகராறு என்றால் சண்டை. இரண்டும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள். அரசு அலுவலகத்தில் 'தக்ரார்' என்று எழுதிய பெட்டியைக் கண்டு, தகராறு எதற்கு என்று ஒதுங்கத் தேவையில்லை. அது சண்டைக்கு வைத்த பெட்டி அல்ல. மனுவுக்கு வைத்த பெட்டி.

மனுவுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 2010-ல் திருத்தம் வந்தது. 2020-ல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இடம் பெற்றது. குழுவில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். குறை எழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். 30 நாட்களில் விசாரணையை முடிக்கவும் வகை செய்யப்பட்டுள்ளது. ரயில் பெட்டியில் பேசிய பேச்சு இந்தக் கணக்கில் சேராது என்பது கவனிக்கத்தக்கது.

ஊர் விட்டு வந்தவர்கள் வாயைத் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம், பாஷை சரியாக வராது என்ற கூச்சம், இரண்டும் உண்மையே. அதனால்தான் தனி ஆளாக முனகுவதைவிட நாலு பேர் கையெழுத்திட்டு ஒரு தாளில் எழுதுவது நல்லது. ஆங்கிலம் அலங்காரமாக இருக்க வேண்டியதில்லை. பெயர், தேதி, தொகை, கேட்பது என்ன என்ற நான்கும் இருந்தால் போதும். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி செய்தது அதுதான். பாண்டியன் சபையில் அவள் முணுமுணுக்கவில்லை. ஊர் எது, கணவன் யார், சிலம்பில் உள்ள பரல் எது என்று வரிசையாகச் சொன்னாள்; சான்றையும் கையோடு கொண்டுபோனாள். அவள் சொன்ன ஊரின் பெயர் புகார்!