தொகுதி எனும் அமானிதம்



வாக்குக் கேட்டு வாசல் தேடி வந்தவர், வென்றபின் அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை என்னும் மனக்குறை நம் ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணச் சட்டமன்றத் தொகுதி ஒன்றின் வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது.

லெஸ்ஸர் ஸ்லேவ் லேக் என்பது அதன் பெயர். தலைநகர் எட்மன்டனுக்கு வடக்கே, ஒரு பேரேரியைச் சூழ்ந்த காட்டுப் பிரதேசம். பூர்வகுடியினரும், மேட்டி எனப்படும் கலப்பினத்தாரும் அங்கு கணிசமாக வாழ்கின்றனர். 2017 எல்லை வரையறையின்போது அதன் மக்கள் தொகை சுமார் 28,000; மாகாணச் சராசரியை விட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு. பரப்பும் தொலைவும் மிகுந்த சில தொகுதிகளுக்கு அவ்வாறு சலுகை வழங்கச் சட்டம் இடமளித்தது. பிரதிநிதி மக்களை நேரில் சென்றடைய முடியவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

1971இல் அத்தொகுதியின் முதல் உறுப்பினரானவர் சோஷியல் கிரெடிட் கட்சியின் டென்னிஸ் பார்ட்டன். 1975இல் முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் லாரி ஷாபென் வென்றார். லெபனான் வழிவந்த முஸ்லிம் குடும்பத்தவர். ஹை பிரெய்ரி என்னும் சிற்றூரில் கடை நடத்தியவர். 1979இல் மாகாண அமைச்சரானார். கனடாவில் அமைச்சர் பதவி ஏற்ற முதல் முஸ்லிம் அவரே.

19.10.1984, வெள்ளி இரவு. வார விடுமுறைக்கு ஊர் திரும்பிய அவர் ஏறிவந்த சிறு விமானம் ஹை பிரெய்ரி அருகே காட்டில் விழுந்து நொறுங்கியது. பத்துப் பேரில் அறுவர் மாண்டனர். புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் கிராண்ட் நாட்லியும் அவர்களுள் ஒருவர். எஞ்சியோர் ஷாபென், விமானி, காவலர், அக்காவலர் அழைத்துவந்த கைதி ஆகிய நால்வர். காவலரை இடிபாட்டிலிருந்து மீட்டவர் அந்தக் கைதியே! உறைகுளிரில் நால்வரும் ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்து விடியலுக்குக் காத்திருந்தனர். அதன் பின்னும் ஷாபென் 1989 வரை அம்மக்களின் உறுப்பினராகத் தொண்டாற்றினார். 2008இல் மறைந்தார்.

அவருக்குப் பின் வந்த பேர்ல் கலஹாசென், ஆல்பர்ட்டா சட்டமன்றத்திற்குத் தேர்வான முதல் மேட்டிப் பெண்மணி. 26 ஆண்டுகள் நீடித்தார். 2015இல் அவரை வென்றவர் புதிய ஜனநாயகக் கட்சியின் டேனியல் லாரிவீ.

2019இல் வந்தவர் பாட் ரென். தொகுதியில் அவரைக் காணவே முடிவதில்லை என்று கூறி, ஸ்லேவ் லேக் நகர மன்றமே அவர் பதவி விலகவேண்டுமெனக் கடிதம் எழுதிற்று. 2021 ஜனவரியில் கட்சியின் சட்டமன்றக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்; சில திங்களில் மீண்டும் சேர்க்கப்பட்டார். 2023இல் அதே கட்சியின் ஸ்காட் சின்க்ளேர் வென்றார். வடபகுதிக்குப் போதிய நிதி இல்லாத வரவு செலவுத் திட்டத்தை ஆதரிக்க இயலாது என்றார் அவர். 2025 மார்ச்சில் அவரும் நீக்கப்பட்டார்!

சற்றே சிந்தியுங்கள். தொகுதியை மறந்தவருக்கும், தொகுதிக்காக வாய் திறந்தவருக்கும் கட்சி அளித்த தண்டனை ஒன்றே. எனவே நம் பிரதிநிதி நல்லவரா என்பதைக் கட்சியின் கோபத்தைக் கொண்டோ மகிழ்ச்சியைக் கொண்டோ அளக்க முடியாது. அளவுகோல் வாக்காளரிடமே உள்ளது: இவர் நம்மிடம் வந்தாரா? நமக்காகப் பேசினாரா?

வாக்கு என்பது நாம் ஒருவரிடம் ஒப்படைக்கும் அமானிதம். கொடுத்த பொருளுக்குக் கணக்குக் கேட்பது குற்றமன்று, கேளாதிருப்பதே குற்றம். அடுத்த முறை வாசலுக்கு வருபவரிடம், உங்கள் வீட்டுப் பெண்மணிகளும் இளைஞர்களும் இவ்விரு வினாக்களையும் தயங்காது கேட்கட்டும்.