கண்டுபிடித்ததற்கும் கூலி உண்டு

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி தன் களை எடுக்கும் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "எங்கே தம்பி?" என்று கேட்டேன். "ஸ்டார்ட் ஆகல சார். கார்புரேட்டர் மாத்தணும்னு போன்லயே சொல்லிட்டாங்க. நாலாயிரம் ஆகுமாம்" என்றார். மெஷினைப் பார்க்காமலே போனில் சொன்ன வைத்தியம். எனக்குக் கஜா புயல் ஞாபகம் வந்துவிட்டது.

2018 நவம்பர் 15 இரவு தொடங்கி 16 விடியற்காலை வரை அந்தக் காற்று அடித்ததை நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்து கதவைத் திறந்தால் தென்னைகள் எல்லாம் படுத்துக் கிடந்தன. கரண்ட் கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. எங்கள் தெருவில் மொத்தம் பதினான்கு வீடு. எல்லார் வீட்டிலும் மேல்தொட்டித் தண்ணீர் இரண்டு நாளில் தீர்ந்தது. தெருக்கோடி வீட்டில் பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தை வேறு.

என் வீட்டில் ஒரு சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. மகன் வாங்கிக் கொடுத்தது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற வகை. கிணற்றில் இருக்கும் அரை எச்பி மோட்டாரை அது தாராளமாக ஓட்டும். "சார் வீட்ல ஜெனரேட்டர் இருக்கு" என்று தெருவே குடத்தோடு வந்து நின்றது. நானும் பெருமையாகக் கயிறை இழுத்தேன். இழுத்தேன், இழுத்தேன், தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். ஓரிரு முறை பொக்கென்று புகைந்து அடங்கியது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் பாதையில் கிடந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி டவுனுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு சர்வீஸ் கடையில் கூட்டம் அலைமோதியது. "காயில் போயிருக்கும் சார்" என்று புதுக் காயில் போட்டார்கள். 2,800 ரூபாய். ஸ்டார்ட் ஆகவில்லை. "அப்ப கார்புரேட்டரும் மாத்தணும், ஸ்டாக் இல்ல, நாலு நாள் ஆகும்" என்றார்கள். திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் குடங்கள் அப்படியே வரிசையில் இருந்தன.

அன்று சாயங்காலம் மேலத்தெருவில் ஆயில் இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் அண்ணனை யாரோ அழைத்து வந்தார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். "கடைசியா எப்ப ஓடுச்சு?" பொங்கலுக்கு என்றேன். "டேங்குல இருந்த பெட்ரோலை இறக்குனீங்களா?" இல்லை என்றேன். "சோக் போட்டா ஒரு தடவையாவது பிடிக்குதா?" ஆமாம், பொக்கென்று பிடித்து உடனே நிற்கிறது என்றேன். "அப்ப காயில் மேல தப்பு இல்ல தம்பி. தீப்பொறி வராம எப்படிப் பிடிக்கும்?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. இது கணக்கு அல்லவா! 33 வருடம் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். வரவு செலவு இடித்தால் பேரேட்டைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுத மாட்டோம். வரிவரியாய் டிக் அடித்துக்கொண்டு வருவோம். எந்த வரி சரி என்று தெரிந்ததோ அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவோம். அதைத்தான் அந்த அண்ணன் செய்தார். ஒரே ஒரு கேள்வியில் 2,800 ரூபாய் வரியை அடித்துவிட்டார்.

பிறகு பிளக்கைக் கழற்றி எனக்குக் காட்டினார். நுனி காய்ந்து கிடந்தது. "இவ்வளவு நேரம் இழுத்தும் பிளக் நனையல. அப்ப பெட்ரோல் உள்ள போகல. நனைஞ்சு ஊறிக் கிடந்தா, பெட்ரோல் போகுது, பொறிதான் இல்லன்னு அர்த்தம்." டேங்கின் குழாயைக் கழற்றிக் காக்கைத் திறந்தார். பெட்ரோல் ஒழுகியது. ஆக, டேங்க் வரைக்கும் சரி. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே தேன் நிறத்தில் கோந்து போல ஒரு படிவம். பத்து மாதம் நின்ற பெட்ரோலில் ஆவியாகிற பகுதி ஆவியாகி, மிச்சம் பிசினாகிவிட்டது. நடுவில் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு. அதன் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மறுபக்கம் தெரியவில்லை.

பழைய ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவினார். "இரும்புக் கம்பி விட்டா துளை பெருசாயிடும், அப்புறம் பெட்ரோல் குடிக்கும்" என்றபடி மெல்ல விட்டுக் குத்தி, ஊதி, புதுப் பெட்ரோலில் கழுவி மாட்டினார். இரண்டாவது இழுப்பில் ஓடியது. அதை வாசலுக்கு வெளியே, காற்றோட்டமாக வைக்கச் சொன்னதும் அவர்தான். அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு உண்டு, மூடிய இடத்தில் தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்றார். மொத்தம் முக்கால் மணி நேரம். அன்றிரவு பதினான்கு வீட்டுத் தொட்டியும் நிரம்பியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் முந்நூறு ரூபாய் கேட்டார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "என்ன அண்ணே, துடைச்சதுக்கா முந்நூறு? பார்ட்ஸ் ஒண்ணும் போடலியே?" அவர் எதுவும் பேசவில்லை. இருநூறை வாங்கிக்கொண்டு போய்விட்டார். டவுனில் தேவையே இல்லாத காயிலுக்கு 2,800 ரூபாயை வாய் திறக்காமல் எண்ணிக் கொடுத்தவன்தான், தெருவுக்கே தண்ணீர் கொடுத்தவரிடம் நூறு ரூபாய் பேரம் பேசினேன்.

"இந்தக் காலத்துப் பையன்களுக்கு ரிப்பேர் தெரியாது, மாத்தத்தான் தெரியும்" என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. மீதிப் பாதிக்குப் பொறுப்பு நாம்தான். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் பணம் தருகிறோம். குறை எங்கே என்று யோசித்துக் கண்டுபிடித்தால் தர மாட்டோம் என்கிறோம். ஒரு மணி நேரம் தேடிக் குறையைக் கண்டுபிடிக்கிறவனுக்கு இருநூறு. தேடாமல் பாகத்தை மாற்றுகிறவனுக்கு லாபம் தனி, கூலி தனி. அப்படியானால் வீட்டு வாடகையும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணமும் கட்ட வேண்டிய ஒரு மெக்கானிக் எந்த வழியில் போவான்? அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவரை அப்படிப் பழக்கியதில் என் பங்கும் உண்டு.

சரி, எதிர்வீட்டுத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். மெஷினை இறக்கச் சொன்னேன். அண்ணன் கேட்ட அதே வரிசையில் கேட்டேன். அவர் பதில் வேறாக இருந்தது. மெஷின் நன்றாக ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிடம் ஓடி, பிறகு மூச்சடைத்த மாதிரி நிற்கிறதாம். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுமாம். டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டச் சொன்னேன். அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. மூடியில் காற்றுப் போகிற சின்ன ஓட்டையை மண் அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாலே தெரியும். நாலாயிரம் ரூபாய் வேலை ஒரு குண்டூசியில் முடிந்தது.

எல்லா இன்ஜினையும் நாமே கழற்றிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறுபதைத் தாண்டிய கைக்கு அது ஆகாது. நாலு கேள்வியாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெட்ரோல் வருகிறதா? பொறி வருகிறதா? காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா? கயிறு இழுக்கும்போது எதிர்த்து இழுக்கிற கம்ப்ரஷன் இருக்கிறதா? இதற்கும் முன்னால் ஆயில் அளவைப் பாருங்கள். பல மெஷின்களில் ஆயில் குறைந்தாலோ, சரிவில் சாய்ந்து நின்றாலோ இன்ஜினைத் தானே நிறுத்துகிற ஏற்பாடு உண்டு. அதைக் கெட்டுப்போனது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு.

இன்னொன்று. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடுகிற வண்டியில் பெட்ரோல் தேங்கி நிற்பதில்லை. வருடத்தில் இரண்டு முறை எடுக்கிற ஜெனரேட்டருக்கும் மருந்தடிக்கும் மெஷினுக்கும்தான் தொல்லை. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். மாதம் ஒருமுறை புதுப் பெட்ரோல் கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். புயல் வருகிற மாதம் எது என்று நமக்குத் தெரியாதா என்ன?

மேலத்தெரு அண்ணன் கொரோனா சமயத்தில் கடையை மூடிவிட்டார். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வேலை கற்றுக்கொள்ள ஒரு பையனும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எப்படி வருவான்? கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்டால் என்னைப் போன்ற ஆட்கள் பேரம் பேசுகிற ஊரில் எவன் அதைக் கற்றுக்கொள்வான்?

அந்த நூறு ரூபாய் என் கணக்கில் இன்னும் பற்றாகவே நிற்கிறது. உங்கள் ஊரில் இப்படி ஒருவர் இன்னும் கடை வைத்திருந்தால், அடுத்த முறை அவர் கேட்கிறதைக் குறைக்காமல் கொடுங்கள்.