ஒரே வீடு, இரண்டு கருப்பைகள்

சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவரின் மனைவிக்கு வரவேற்பறையில் வளைகாப்பு. அடுப்படியில் கலவைசாதம் கிளறும் பணிப்பெண்ணுக்கோ 6 மாதத்துக்கு ஒருமுறை கட்டாயக் கர்ப்பப் பரிசோதனை. அந்நாட்டுக் குடிமகனையோ நிரந்தரவாசியையோ அரசு அனுமதியுடன் மணந்திருந்தாலொழிய அவள் கருவுறக் கூடாது என்கிறது வொர்க் பெர்மிட் விதி. கருவுற்றால் பெர்மிட் போகும். ஊர் திரும்ப வேண்டியதுதான். கருவுக்குக் காரணமான ஆணை எந்தப் பரிசோதனையும் தேடுவதில்லை.

எய்ட்ஸ், காசநோய் தேடும் பட்டியலில் கருவையும் சேர்த்துவிட்டு அதை மருத்துவம் என்கிறார்கள். மருத்துவமல்ல, காவல். உழைக்கும் கை வேண்டும், கருப்பை வேண்டாமா? பெண் முழுதாகத்தான் வருவாள்.