குனிந்து பார்க்கக் கூச்சம் எதற்கு?

ஆயில் மாற்றிய மறுநாள், மயூர் விஹாரில் என் காருக்கு அடியில் கறை. "சிந்தினதுதான் சார், காய்ந்துவிடும்" என்றார் மெக்கானிக். தரையில் அட்டை விரித்து இஞ்சினை ஓடவிட்டேன், சொட்டியது. ஃபில்டரைக் கழற்றியபோதுதான் தெரிந்தது: பழைய ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதை மாட்டியிருக்கிறார்கள். இரட்டை வளையம் அழுத்தத்தில் பிதுங்கினால் ஆயில் முழுதும் கொட்டி இஞ்சினே ஜாம் ஆகிவிடும். நல்லவேளை, பிழைத்தது.

ரயில்வேயில் பழுது பார்த்த வண்டியைச் சோதிக்காமல் வெளியே விடமாட்டோம். சொந்தக் காருக்கு மட்டும் அந்த வழக்கம் ஏன் இல்லை? பணம் கொடுக்குமுன் இஞ்சினை ஓடவிட்டு, குனிந்து பாருங்கள். பழைய வளையம் வந்ததா, வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டார்களா என்று கேளுங்கள். ஓட்டும்போது ஆயில் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் மரத்தூள் போட்டு அள்ளுங்கள். நம் மழைநீர் வடிகால் போய்ச் சேருமிடம் யமுனைதான்.