கழகக் கூடம் யார்க்கு உரியது?

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன பழமொழி. அம்பலம் என்பது ஊர்க்குப் பொதுவான இடம். மன்று, மன்றம், பொதியில் என்பனவும் அதனையே குறிக்கும். பொதுவிடம் என்றால் அங்கு எவன் சொல்லும் ஏறவேண்டும் அன்றோ? ஏறவில்லை என்கிறது பழமொழி. ஓர் இடத்திற்குப் பொதுவென்று பெயரிட்டு விடுவதாலேயே அது பொதுவாகி விடாது என்பதே இதன் உட்கிடை. அங்கே யார் பேசலாம், எப்பொழுது பேசலாம், எத்துணை நேரம் பேசலாம் என்னும் வரம்பு இல்லையேல், வலியவன் குரலே ஊர்க்குரலாக ஒலிக்கும்.

இவ்வுண்மையைத் தொழிலாளர் கழகங்களின் உட்தேர்தல்களில் தெளிவாகக் காணலாம். தொழிற்சங்கம் என்று உலகவழக்கில் சொல்லப்பெறும் கழகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூடம் உண்டு. அது தொழிலாளர் தம் கூலியிற் பிடித்துக் கொடுத்த காசால் எழுந்தது. வாடகைக் கூடமாயினும் அவ் வாடகை அவர்தம் காசே. தேர்தல் வரும்பொழுது அக்கூடத்தில் வேட்பாளர் பரப்புரை செய்யலாமா என்னும் வினா எழுகின்றது. இதற்கு மூன்று விடைகள் உள. பொறுப்பிலிருப்பவர் மட்டும் பேசலாம் என்பது ஒன்று. இதனை வாய்விட்டுச் சொல்வார் இலர். செய்வாரே மிகப் பலர். எவரும் பேசலாகாது என்பது இரண்டாவது; இது நடுநிலை போலத் தோன்றி நல்லோரையும் மயக்குவது. எல்லாரும் ஒத்த அளவிற் பேசலாம் என்பது மூன்றாவது. மூன்றாவதே முறை என்பதும், இரண்டாவது முதலாவதன் மறுவடிவமே என்பதும் என் துணிபு.

இப்பொருளில் விரிவாகச் சட்டம் வகுத்த நாடு அமெரிக்கா. அந்நாட்டுக் கழகங்கள் சிலவற்றில் தலைவர்கள் கருவூலத்தைத் தம் பையெனக் கொண்டு நடந்தமை ஆய்வுக்குழுக்களின் முன் வெளிப்பட்டபின், 1959 செப்டம்பர் 14 அன்று ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டம் கழகத் தேர்தல்களுக்கு வரையறை கண்டது. உள்ளூர்க் கழகம் மூன்றாண்டுக்கு ஒருமுறையும், இடைநிலை அமைப்பு நான்காண்டுக்கு ஒருமுறையும், நாடளாவிய கழகம் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் தேர்தல் நடத்தியாக வேண்டும். தேர்தல் அறிவிப்பைப் பதினைந்து நாள்களுக்குக் குறையாமல் முன்னதாக உறுப்பினர் இல்லத்திற்கு அஞ்சலில் விடுக்க வேண்டும். உள்ளூர்க் கழகத் தேர்தல் மறை ஒப்போலை வழியே நடைபெற வேண்டும். ஒப்போலைகளை ஓராண்டு காத்து வைக்க வேண்டும். வேட்பாளர் தம் செலவில் துண்டறிக்கை விடுக்கக் கேட்பாராயின், முறையான அக்கேட்பைக் கழகம் நிறைவேற்றித் தரவேண்டும். ஒருவர்க்குச் செய்து மற்றவர்க்கு மறுத்தல் கூடாது. கழகப் பணமும் முதலாளியின் பணமும் எந்த வேட்பாளர்க்கும் துணையாகச் செலவாதல் கூடாது.

இக்கடைசி விதியினின்றே கூடத்தைப் பற்றிய நெறி கிளைக்கின்றது. கூடமும், அதிலுள்ள ஒலிபெருக்கியும், படியெடுக்கும் பொறியும், தொலைபேசியும், ஊதியம் பெறும் எழுத்தரின் உழைப்பும் யாவும் கழகப் பணமே. ஆதலின் அவற்றை ஒருவர்க்கு மட்டும் திறந்துவிடுதல், அவர்க்குப் பணம் கொடுத்தலோடு ஒக்கும். எல்லா வேட்பாளர்க்கும் முன்னறிவித்து எல்லார்க்கும் ஒப்பத் திறந்துவிடின் குற்றமில்லை. பொறுப்பாளரும் ஓர் உறுப்பினரே யாதலின் அவர்க்கும் பரப்புரை உரிமை உண்டு. ஆயினும் கழகம் ஊதியம் தரும் பணிநேரத்தில் அவர் தமக்கு ஒப்போலை கேட்டுத் திரிதல் கூடாது.

'தீம்சுடர்' எனப் பெயர்கொண்ட சரக்குந்து ஓட்டுநர் கழகத்தின் தேர்தல் நெறிமுறைகள் இன்னும் ஒருபடி நுணுகிச் சென்றன. 1989 மார்ச்சில் அரசோடு செய்த உடன்பாட்டால், 1991-இல் அக்கழகத்து உறுப்பினர் முதன்முறையாகத் தம் தலைவரை நேரே தேர்ந்தனர். அதன்வழி வந்த நெறிமுறையின் சாரம் இது: கூட்டத்திற்குள் பரப்புரைக்கு நேரம் ஒதுக்கியே தீரவேண்டும் என்னும் கட்டாயம் உள்ளூர்க் கழகத்திற்கு இல்லை, ஒருவர்க்கு ஒதுக்கினால் அனைவர்க்கும் அறிவித்து ஒப்பப் பகிர வேண்டும். கூடத்திற்கு வெளியே, கூட்டத்திற்கு முன்னும் பின்னும் துண்டறிக்கை கொடுத்தலையும் ஆதரவு கேட்டலையும் எந்த உள்ளூர் வழக்கம் கொண்டும் தடுத்தலாகாது. கதவுக்கு உள்ளே ஒப்புநிலை, கதவுக்கு வெளியே தடையின்மை என இதனைச் சுருக்கிக் கொள்ளலாம்.

இந்நெறி நன்று. ஆயினும் உள்ளே அனைவரையும் வாயடைத்து விடும் வாய்ப்பையும் அது கழகத்திற்கு விட்டு வைத்துள்ளது. அவ்விடத்தில் நான் அதனோடு உடன்படவில்லை. ஏன் எனில், வாயடைப்பு ஒருபோதும் இருபுறமும் ஒப்ப விழுவதில்லை. பொறுப்பிலிருப்பவர் மேடையில் அமர்ந்திருக்கிறார், கணக்குப் படிக்கிறார், கூலியுயர்வுப் பேச்சின் முடிவைச் சொல்கிறார், வழக்கில் வென்ற செய்தியை அறிவிக்கிறார். 'எனக்கு ஒப்போலை தருக' என்னும் சொல் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் சொல்லிவிடுகிறார். எதிர்த்து நிற்பவரோ பின்வரிசையில் ஓர் உறுப்பினர். அவர் எழுந்தால் 'தேர்தற் பேச்சு வேண்டா' எனத் தலைவர் அமர்த்திவிடுவார். விதி ஒன்றே, விளைவு இரண்டு. உண்டவனுக்கும் பசித்தவனுக்கும் ஒரே நாளில் உண்ணாநோன்பு விதித்தலை ஒப்புநிலை என்று சொல்ல இயலுமா?

அமெரிக்க உச்ச முறைமன்றமும் 1991-இல் ஒரு வழக்கில் இவ்வழியே சென்றது. கப்பல் அலுவலர் கழகம் ஒன்றில் பிரௌன் என்னும் வேட்பாளர், வேட்பாளரை முன்மொழியும் மாநாட்டிற்கு முன்னரே உறுப்பினர்க்குத் தம் செலவில் மடல் விடுக்க விரும்பினார். மாநாட்டிற்கு முன் எவரும் மடல் விடுத்தலாகாது என்பது எங்கள் விதி, அஃது எல்லார்க்கும் பொது என்றது கழகம். வேட்பாளரின் கேட்பு முறையானதா என்று பார்ப்பதே சட்டம் இட்ட கடன். கழகத்தின் விதி முறையானதா என்று முதலிற் பார்ப்பதன்று எனத் தீர்ந்தது மன்றம். பொறுப்பிலிருப்பார்க்கு இயல்பாகவே வாய்த்த மேல்நிலையை ஈடு செய்வதே இச்சட்டத்தின் நோக்கம் என்பதையும் எடுத்துக்காட்டிற்று. எல்லார்க்கும் பொதுவான தடை என்று சொல்லிவிட்டாலே அது நேர்மையாகி விடாது என்பது இதனாற் பெறப்படும்.

கூடத்தையே வேலியாக்கிய கதையும் ஒன்று உண்டு. இந்தியானா மாநிலத்து எஃகுத் தொழிலாளர் கிளைக்கழகம் ஒன்றில், தேர்தலுக்கு முந்திய மூன்றாண்டில் நடந்த கூட்டங்களுட் பாதிக்கேனும் வந்தவரே பொறுப்புக்கு நிற்கலாம் என விதி இருந்தது. கேட்பதற்கு இனிய விதி. கூட்டத்திற்கு வாராதவன் கழகத்தை எங்ஙனம் நடத்துவான் என்று எவரும் கேட்பர். கணக்கெடுத்தால் ஏறத்தாழ 660 உறுப்பினருள் தகுதி பெற்றோர் 23 பேரே. அவருள்ளும் ஒன்பதின்மர் அப்பொழுதே பொறுப்பிலிருந்தவர். திங்கள்தோறும் கூட்டம் எனின், மாற்றம் வேண்டி நிற்க நினைப்பவன் பதினெட்டுத் திங்களுக்கு முன்னரே அவ்வெண்ணம் கொண்டு கூட்டத்திற்கு வரத் தொடங்கியிருத்தல் வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேற்பட்டாரை விலக்கும் இவ்விதி செல்லாது என 1977-இல் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. கூடத்திற்கு வருக என அழைப்பதாய்த் தோன்றிய விதி, உண்மையிற் கூடத்தைப் பூட்டும் தாழாயிருந்தது.

இவையெல்லாம் சிறு முறைகேடுகள், இவற்றிற்கு இத்துணைப் பேச்சா என்பார்க்கு 1969-ஆம் ஆண்டை நினைவூட்டுவன். அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் கழகத்தில் தோனி பாயிலை எதிர்த்துச் சோசப்பு யாபுலான்சுகி நின்றார். கழகத்தின் இதழ் பாயிலின் புகழ்பாடும் ஏடாயிற்று. கழகப் பணமும் அவர்க்குத் துணை நின்றது. திசம்பர் 9 அன்று நடந்த தேர்தலில் யாபுலான்சுகி தோற்றார். திசம்பர் 31 அன்று அவரும் அவர் மனைவியும் மகளும் தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பெற்றனர். 1972 மேத் திங்களில் முறைமன்றம் அத்தேர்தலைச் செல்லாதெனத் தள்ளிற்று. அவ்வாண்டு திசம்பரில் அரசின் மேற்பார்வையில் நடந்த மறுதேர்தலில் ஆர்னால்டு மில்லர் வென்றார். கொலைக்கு ஏவிய குற்றம் பாயில் மேல் 1974-இலும், மறு உசாவலில் 1978-இலும் மெய்ப்பிக்கப்பட்டது. சொல் ஏறுதற்கு இடமின்றிச் செய்யப்பட்ட கழகத்தில் பகை எத்துணைக் கொடிய வழியிற் செல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கூடத்தைத் திறத்தலுக்கு மறுப்புரைப்பார் சொல்லும் கரணியங்களையும் எண்ணிப் பார்ப்போம். கூட்டம் கழக வேலைக்காகக் கூட்டப்படுவது, தேர்தற் பூசலுக்காக அன்று என்பது முதல் மறுப்பு. உண்மையே, அதனாலன்றோ தேர்தற் பேச்சுக்கெனத் தனிநேரம் வகுத்தல் வேண்டும் என்கிறோம்? கூட்டம் முடிந்தபின் வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் பத்து மணித்துளி, திருவுளச் சீட்டுப்படி வரிசை என எழுதிவைத்தால் வேலையும் கெடாது, பூசலும் எழாது. வரம்பின்மையே பூசலுக்கு வித்து. வரம்பு அதற்கு மருந்து.

கூடத்தின் விளக்கும் விசிறியும் கழகப் பணத்தில் ஓடுகின்றனவே, அது வேட்பாளர்க்குத் துணை செய்தல் ஆகாதோ என்பது இரண்டாம் மறுப்பு. அனைவர்க்கும் ஒப்ப எரியும் விளக்கு எவர்க்கும் கையூட்டு ஆகாது. ஒருவர்க்கு எரிந்து மற்றவர்க்கு அணையும் விளக்கே குற்றமுடையது.

நல்லவர் பொறுப்பிலிருக்கும்பொழுது தீயவர்க்கு ஏன் மேடை தரவேண்டும் என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே பலர் உள்ளத்தில் உறைவது. இதற்கு விடை உரான் கேரியின் வரலாறு. சீர்திருத்தம் சொல்லி 1991-இல் சரக்குந்து ஓட்டுநர் கழகத்தின் தலைமைக்கு வந்தவர் அவர். 1996-இல் மீண்டும் வென்றார். அவர்தம் பரப்புரைக் குழுவினர் கழகப் பணத்தைச் சுற்றுவழியில் தேர்தலுக்குத் திருப்பியமை வெளிப்பட, 1997-இல் அத்தேர்தல் தள்ளப்பட்டது. மறுதேர்தலில் நிற்கும் உரிமையையும் அவர் இழந்தார். பொய்ச்சான்று வழக்கில் அவர் குற்றமற்றவர் என 2001-இல் முடிவாயிற்று எனினும், இழந்த தலைமை மீளவில்லை. நல்ல நோக்கம் உடையோர் பக்கத்தில் நின்றாரும் பொதுப்பொருளைத் தொட்டால் வழுக்குவர். ஆதலின் விதி ஆளைப் பார்த்து வகுக்கப்படுதல் ஆகாது.

அமெரிக்கச் சட்டத்திலும் பெருங்குறை ஒன்று உண்டு. முறையீடு பெரும்பாலும் தேர்தல் முடிந்தபின்னரே செல்லும். முதலிற் கழகத்திற்குள்ளேயே முறையிட்டுப் பார்க்க வேண்டும். பின் தொழில் துறை அமைச்சர்க்கு எழுத வேண்டும். அவரே வழக்குத் தொடுக்க வேண்டும். முறைகேடு முடிவை மாற்றியிருக்கக் கூடும் எனக் காட்டினாலன்றித் தேர்தல் தள்ளப்படாது. அதுவரை வென்றார் எனப்பட்டவர் இருக்கையிலேயே இருப்பர். சுரங்கத் தொழிலாளர்க்கு மறுதேர்தல் கிடைக்க மூன்றாண்டு சென்றது. காலங்கடந்து வரும் முறை பாதி முறையே. எனவே தேர்தலுக்கு முன்னரே கூடத்தின் கதவைத் திறந்துவைக்கும் நெறியே, பின்னர் வழக்காடும் உரிமையினும் மேலானது.

நம் நாட்டு நிலை யாது? சென்னைத் தொழிலாளர் கழகம் தோன்றிய 1918-க்குப் பின் ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. பொறுப்பாளரை அமர்த்தும் முறையையும் நீக்கும் முறையையும் கழகத்தின் விதித்தொகுப்பிற் சொல்லுக என்றது 1926-ஆம் ஆண்டுச் சட்டம். கூடத்தில் யார் பேசலாம் என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. அச்சட்டத்தின் இடத்திற்கு 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. சட்டம் எதுவாயினும், கூடத்தின் கதவைப் பற்றிய விதியைத் தொழிலாளரே தம் கழக விதித்தொகுப்பில் எழுதிக்கொள்வதற்குத் தடை யாதுமில்லை. அதற்கு ஆட்சியாளரின் இசைவும் வேண்டுவதன்று; உறுப்பினரின் உறுதியே வேண்டுவது.

எழுதவேண்டியன மிகச் சிலவே. தேர்தல் அறிவித்த நாள்முதல் கூடம் எல்லா வேட்பாளர்க்கும் ஒரே அளவில் திறந்திருக்கும். எவர்க்கு எந்நாள், எந்நேரம் என்பது சீட்டெடுத்து முடிவாகும். அறிவிப்புப் பலகையிலும் கழக இதழிலும் ஒவ்வொருவர்க்கும் ஒத்த இடம். கூடத்தின் வாயிலில் துண்டறிக்கை கொடுப்பாரை எவரும் தடுத்தலாகாது. கழகத்தின் ஊதிய நேரத்தில் எவரும் பரப்புரை செய்தலாகாது. முதலாளியின் காசோ, இடமோ, வண்டியோ எவர்க்கும் கூடாது. இவ்வாறும் உறுப்பினர் எல்லார்க்கும் விளங்கும் தமிழில் அச்சிடப்பட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கவேண்டும். ஆங்கிலத்தில் எழுதிப் பேழையிற் பூட்டிய விதி, உழைப்பாளிக்கு இல்லாத விதியே.

உழைப்போர் தம் முதலாளியிடம் கேட்பது, தம் சொல்லையும் செவிமடுக்க வேண்டும் என்பதைத்தான். அவ்வுரிமையைத் தம் கழகக் கூடத்திற்குள் தம் தோழனுக்கே மறுக்கும் கழகம், தொழிலகத்தின் வாயிலில் நின்று எந்த முகத்தோடு அதனைக் கேட்கும்? அம்பலத்தைக் கட்டியவன் ஏழை. அவன் சொல் அங்கு ஏறட்டும்.